எச்.ஐ.வி. உள்ள குழந்தையை ஒதுக்கினால் என்ன செய்வது? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

எச்.ஐ.வி. உள்ள ஒரு குழந்தையின் பொறுப்பு திடீரென்று கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அம்மாவோ அப்பாவோ ஆக இருக்கலாம். மகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேத்தியை வளர்க்கும் பாட்டியாகவோ, தங்கை பிள்ளையைக் கூட்டிவந்த மாமாவாகவோ இருக்கலாம். மருந்து மாத்திரையைப் பற்றி ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கு இலவசமாக மருந்து தரும் அரசு மையத்தில், பொறுமையாகவே சொல்லித்தருகிறார்கள். பள்ளியும் தெருவும் உறவும் ஒதுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதை உட்காரவைத்துச் சொல்ல ஆள் குறைவு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட குடும்பங்களோடு பள்ளிக்கூடத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பல வருடம் கூடவே நடந்திருக்கிறேன். அதில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

நான் பார்த்த ஒவ்வொரு ஒதுக்கலும் ஒரு வாய்ச்சொல்லில்தான் தொடங்கியது. யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் நம்பிச் சொன்னது. அந்த வாய்ச்சொல் ஒருமுறை என் யோசனையால் போனது. மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி. "வகுப்பு டீச்சரிடம் மட்டும் சொல்லி வையுங்கள், அவசரத்துக்கு உதவும்" என்று அவள் பாட்டியிடம் நான்தான் சொன்னேன். டீச்சர் நல்லவர். இரக்கப்பட்டுத்தான் இன்னொரு டீச்சரிடம் சொன்னார். ஒரு மாதம் ஆகவில்லை. சத்துணவுக் கூடத்தில் அந்தப் பிள்ளையின் தட்டு மட்டும் தனியாக ஜன்னல் கம்பியில் சொருகப்பட்டிருந்தது, அதன் அடியில் ஆணியால் கீறிப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பாட்டி என்னைத் திட்டவில்லை. "நீதானே தாயி சொல்லச் சொன்ன" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் எந்தக் குடும்பத்துக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தகவலைக் காப்பாற்றுங்கள். சட்டம், மனு, புகார் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வேலை: யாருக்குத் தெரியும் என்று எழுதிப் பாருங்கள்

இன்று இரவே ஒரு தாளை எடுத்து, குழந்தையின் நிலை தெரிந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், "இவருக்குத் தெரிவதால் குழந்தைக்கு என்ன உதவி?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இரவில் மாத்திரை கொடுப்பவர், மையத்துக்குக் கூட்டிப்போகிறவர், உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் பொறுப்பெடுத்துக்கொள்ளக் கூடியவர். பெரும்பாலான வீடுகளில் மூன்று நான்கு பெயருக்கு மேல் தேவைப்படாது. எழுதி முடித்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். இனிமேல் புதிதாக ஒருவரிடம் சொல்லத் தோன்றினால் அதே கேள்வியை மனதுக்குள் கேளுங்கள். பதில் "மனசு ஆறும்" என்பது மட்டுமே என்றால், அந்த ஆறுதலை மையத்தில் இருக்கும் ஆலோசகரிடம் தேடுங்கள். அழுவதற்கும் அவர் இருக்கிறார், அவர் வாய் திறக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் "ஏதாவது நோய் உண்டா" என்று கேட்டிருந்தாலும், எச்.ஐ.வி.யைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, தன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. மறைப்பது ஏமாற்று வேலையோ என்று பலர் கூசிப்போகிறார்கள். கூச வேண்டாம். உங்கள் பிள்ளையால் யாருக்கும் ஆபத்து இல்லை, ஏன் இல்லை என்பதை அடுத்து பார்ப்போம்.

செய்தி கசிவது பெரும்பாலும் சின்னச் சின்ன ஓட்டைகளில்தான். மாத்திரை டப்பாவின் லேபிளைப் பார்த்து, செல்போனில் தேடிக் கண்டுபிடிக்கிற காலம் இது. ஒரு பாட்டி மாத்திரை வாங்கி வந்த கையோடு மூடியைத் திறக்காமல் லேபிளை மட்டும் ஈரத்துணியால் நனைத்து, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நாள் கணக்கைப் பேனாவால் மூடியில் எழுதிவைப்பார். அதே டப்பாவையே அவர் வைத்துக்கொண்டது நல்லது, ஏனென்றால் மாத்திரைக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது, கண்ட டப்பாவில் மாற்றக் கூடாது. மருந்து பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளையோ இரண்டு வேளையோதான். பள்ளிக்குப் போகும் முன்பும் இரவிலும் என்று நேரத்தை வைத்துக்கொண்டால் மாத்திரை பள்ளிப் பையில் ஏறவே வேண்டாம். மையத்துக்கு வரும் தேதியைச் சனிக்கிழமையாகவோ பள்ளி விடுமுறை நாளாகவோ கேளுங்கள். மாதா மாதம் ஒரே மாதிரி விடுப்பு எடுத்தால் கேள்வி வரும். விடுப்புக் கடிதத்தில் "மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியுள்ளது" என்று எழுதினால் போதும், எந்தப் பிரிவு என்று எழுதத் தேவையில்லை.

உங்களுக்கே சந்தேகம் இருக்கக் கூடாத விஷயம்

எச்.ஐ.வி. பரவும் வழிகள் எண்ணிக்கையில் குறைவு: பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம் அல்லது அந்த ரத்தம் பட்ட ஊசி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு. சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, கட்டிப்பிடிப்பதால் பரவாது, எச்சில், வியர்வை, கண்ணீர், கொசுக்கடி, ஒரே கழிப்பறை, ஒரே பெஞ்ச், எதனாலும் பரவாது. இது உங்களுக்கே உறுதியாகத் தெரிய வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளைக்குத் தனி டம்ளர் வைத்துக்கொண்டு, பள்ளியில் தனித் தட்டு வைக்கிறார்கள் என்று சண்டை போட முடியாது. அப்படித் தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்துவிடுங்கள். குழந்தை அதைக் கவனிக்கும், நிச்சயமாகக் கவனிக்கும்.

"விளையாடும்போது விழுந்து ரத்தம் வந்தால்?" இதுதான் பெற்றோர் கூட்டங்களில் கடைசியாக வரும் கேள்வி. பதில் எளிது. எந்தப் பிள்ளையின் ரத்தம் என்றாலும் கையுறை போட்டு, காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, கட்டுப் போட்டு மூட வேண்டும், தரையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதுதான் முறை. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால்கூட எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி வகை அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். அந்தப் பிள்ளைகளை யாரும் பிரித்து உட்காரவைப்பதில்லை.

அப்புறம் மருந்தின் வேலை. மாத்திரையை விடாமல் எடுத்தால் ரத்தத்தில் வைரஸின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து உடலுறவு மூலம்கூடத் தொற்று பரவுவதில்லை என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. உங்கள் பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், தொற்று இல்லாத குழந்தையைப் பெறலாம். மற்றவர்கள் இதை நம்ப மறுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது 2004 ஏப்ரலில். நடுவில் பதினெட்டு வருடம். அந்தக் காலத்தில் சுவரெல்லாம் மண்டை ஓட்டுப் படத்தோடு பார்த்த எய்ட்ஸ்தான் இன்னும் பலர் மனசில் இருக்கிறது. அவர்களோடு கோபத்தில் பேசுவதைவிட, "அது மருந்து வருவதற்கு முன்னால்" என்று ஆரம்பித்துப் பேசினால் காது கொடுக்கிறார்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கலாம். சாதாரணச் சோதனை அந்த எதிர்ப்பொருள்களைத்தான் தேடும், அதனால் அதில் "பாசிட்டிவ்" என்று வந்தாலே குழந்தைக்குத் தொற்று என்று ஆகாது. ஆறு வாரத்திலேயே வைரஸையே தேடும் தனிச் சோதனை நம்பிக்கை மையங்கள் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) வழியாகச் செய்யப்படுகிறது. அது வருவதற்குள் யாரும் எதையும் முடிவு கட்ட வேண்டாம், சொந்தக்காரர்களிடம் சொல்லவும் வேண்டாம்.

குழந்தையிடம் சொல்வது

இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தனக்கு என்ன என்று தெரியாத பிள்ளையால் தகவலைக் காப்பாற்ற முடியாது. "எனக்கு தினமும் ராத்திரி மாத்திரை உண்டே" என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிடும். அதைவிட மோசம், விளையாட்டில் சண்டை வந்து இன்னொரு பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்பது. பள்ளி வயதில், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

படிப்படியாக என்றால் இப்படி. ஐந்தாறு வயதில்: "உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குகிறது. மாத்திரை போட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும்." எட்டு ஒன்பது வயதில்: ரத்தத்தில் காவல்காரச் செல்கள் உண்டு, கிருமி அவர்களைத்தான் தாக்கும், மாத்திரை அவர்களுக்குத் துணை. பத்து வயது வாக்கில் பெயரைச் சொல்லிவிடலாம், மையத்தின் ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது சொல்வது நல்லது. பிள்ளை அழாமல், "சரி, நான் விளையாடப் போகட்டுமா" என்று எழுந்து போகலாம். கேள்வி நான்கு நாள் கழித்து, ராத்திரி விளக்கணைத்த பிறகு வரும்: "அம்மாவும் இதனாலதான் செத்தாங்களா?" அதற்கு உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவைக் குற்றம் சொல்லும் ஒரு வார்த்தையும் அதில் இருக்க வேண்டாம்.

கூடவே இதையும் கற்றுக்கொடுங்கள்: இது அசிங்கமான விஷயம் இல்லை, ஆனால் சொந்த விஷயம். குளிப்பது அசிங்கமா? இல்லை. கதவைச் சாத்திக்கொண்டுதானே குளிக்கிறோம். எந்தப் பிள்ளைக்கும் இது சட்டென்று புரிகிறது.

சட்டம் உங்களையும் சேர்த்துத்தான் காக்கிறது

மேலே சொன்ன 2017 சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, அது யாரைக் காக்கிறது என்பதுதான். எச்.ஐ.வி. உள்ளவரை மட்டும் அல்ல, அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர், முன்பு வாழ்ந்தவர் எல்லாரும் அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட நபர்கள்தான். ஆகவே தொற்றே இல்லாத தம்பியைப் பள்ளியில் ஒதுக்கினாலும், பாட்டியிடம் வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும், "எய்ட்ஸ் வீட்டுக்காரர்" என்று மாமாவை வேலையிலிருந்து நிறுத்தினாலும் அதே சட்டம்தான் துணை.

3-ஆம் பிரிவு எதையெல்லாம் தடுக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரியில் இடம் மறுப்பது அல்லது நடுவில் நிறுத்துவது, அங்கே வேறுபாடாக நடத்துவது, சிகிச்சை மறுப்பது, வாடகைக்கு வீடு மறுப்பது, பொதுவான இடங்களையும் வசதிகளையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது, தனியாகப் பிரித்து வைப்பது. சேர்க்கைக்கோ சிகிச்சைக்கோ முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பதும் தடை. விடுதியில் "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவா" என்று சொன்னால், எந்தச் சோதனை என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

4-ஆம் பிரிவு வெறுப்பைப் பரப்புவதைப் பற்றியது. தெரு வாட்ஸ்அப் குழுவில் குடும்பத்தின் பெயரைப் போட்டு எச்சரிக்கை செய்தி அனுப்பினால், அது இந்தப் பிரிவில் வரலாம். மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தி அழிக்கப்படுவதற்குள், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பள்ளி விஷயத்தில் 2009 கல்வி உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது, மனதைப் புண்படுத்தும் தண்டனையும் கூடாது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். ஆனால் இங்கே நிதானியுங்கள். அந்தப் பிரிவில் விண்ணப்பித்தால் சான்றிதழிலேயே காரணம் எழுதியிருக்கும், அது பள்ளி அலுவலகம்வரை போகும். குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நலிவடைந்த பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் இடம் ஒன்றுதான், காகிதம் மட்டும் வேறு. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பள்ளியில் பிரச்சினை வந்துவிட்டால்

பள்ளி நிர்வாகம் பெரும்பாலும் நேரடியாக "வெளியே போ" என்று சொல்லாது. கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, "உங்க பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றோம், மத்த பெற்றோர் பிரச்சினை பண்றாங்க, நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா கௌரவமா இருக்கும்" என்பார்கள். மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். அதில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் பள்ளி வெளியேற்றியது என்று அப்புறம் நிரூபிப்பது மிகக் கடினம். "வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், எச்.ஐ.வி. என்ற சொல்லை நீங்களாக வாயெடுக்கவும் வேண்டாம். மறுநாள் பிள்ளையை வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்புங்கள். நீங்களே நிறுத்திக்கொண்டால் அது "நீண்ட நாள் வரவில்லை" என்று வருகைப் பதிவேட்டில் ஏறும்.

அன்று மாலையே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், யார் பேசினார், என்ன சொன்னார், கூட யார் இருந்தார். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் கோபத்தைக் கலக்காமல். பிள்ளை வந்து சொல்வதையும் எழுதுங்கள்: யார் பக்கத்தில் உட்காரவில்லை, எந்தப் பீரியடில் வெளியே நிற்கவைத்தார்கள். ஆனால் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அதுவாகச் சொல்வது போதும்.

அடுத்து தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். "என் பேத்திக்கு எச்.ஐ.வி. இருப்பதால் ஒதுக்குகிறீர்கள்" என்று எழுதிவிட்டால், வதந்தியாக இருந்ததை நீங்களே கையெழுத்துப் போட்டு உறுதி செய்ததாக ஆகிவிடும். நான் எழுதித் தரும் கடிதம் இந்த மாதிரி இருக்கும்:

"ஐயா, 5-ஆம் வகுப்பு 'அ' பிரிவில் படிக்கும் என் பேத்தி இம்மாதம் 10-ஆம் தேதி முதல் மற்ற மாணவர்களிடமிருந்து பிரித்துத் தனி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டுள்ளதாக அறிகிறேன். 14-ஆம் தேதி நேரில் வந்தபோது மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி வாய்மொழியாகக் கூறப்பட்டது. இவற்றுக்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவள் இப்பள்ளியிலேயே தொடர்ந்து படிக்க விரும்புகிறோம்."

இவ்வளவுதான். நோயின் பெயர் இல்லை, சட்டத்தின் பெயர்கூட இல்லை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். காரணத்தை எழுத்தில் தரும் பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். பாதி விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு அடங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடங்கவில்லை என்றால், மற்ற பெற்றோர்தான் நெருக்குகிறார்கள் என்றால், பள்ளியில் எல்லாருக்குமான விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தும்படி மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகிடம் கேட்கலாம். கூட்டம் பொதுவானதாக இருக்க வேண்டும், மற்ற பள்ளிகளில் நடப்பது போலவே. உங்கள் பிள்ளையை மேடைக்குப் பக்கத்தில்கூட நிறுத்தக் கூடாது. நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

மருத்துவமனையில்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பல் பிடுங்கவோ, காது குத்தில் சீழ் வைத்ததற்கோ, அறுவை சிகிச்சைக்கோ போகும்போது மருத்துவரிடம் நிலையைச் சொல்வது மருந்துகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க உதவும். மருத்துவரிடம் சொல்லுங்கள், வரவேற்பு மேஜையில் சொல்ல வேண்டாம். கட்டில் தலைமாட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டுவது, கேஸ் ஷீட்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதுவது, எச்.ஐ.வி.யைக் காட்டிக் கூடுதல் கட்டணம் கேட்பது, "வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்புவது எதற்கும் நியாயம் இல்லை. அனுப்பினால், ஏன் அனுப்புகிறார்கள் என்று பரிந்துரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிகிச்சை தரும் பணியாளருக்கு ஊசி குத்திவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. அவர்களுடைய பயத்துக்கும் மருந்து இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு சுலபமாகும்.

வீடும் சொத்தும்

பெற்றோர் இறந்த வீடுகளில் ஒதுக்கல் வேறு உருவத்தில் வரும். "இந்தப் பிள்ளை எத்தனை நாளைக்கு, இதுக்கு எதுக்கு நிலம்" என்று சித்தப்பா பெரியப்பா பேச ஆரம்பிப்பார்கள். பிள்ளை உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் உடனே வாங்குங்கள், வாரிசுகளில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சொத்தைக் காக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பெற்றோரோ பாதுகாவலரோ சொத்து ஆவணங்களைப் பாதுகாப்புக்காக மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்கவும், சொத்து பறிபோகும்போது அங்கே முறையிடவும் வழி உண்டு.

பெரியவர்கள் யாருமே இல்லாமல் அக்காவே தம்பியை வளர்க்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள், விவரம் புரிந்து குடும்பத்தை நடத்துகிற பிள்ளை, தன் தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்குப் பாதுகாவலராகக் கையெழுத்திட அந்தச் சட்டம் இடம் தருகிறது. வங்கியிலோ பள்ளியிலோ இது தெரியாமல் திருப்பி அனுப்பினால் 32-ஆம் பிரிவு என்று சொல்லச் சொல்லுங்கள்.

புகார் எங்கே, எப்படி

பள்ளிக்குக் கடிதம் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். அப்புறமும் ஒதுக்கல் தொடர்ந்தால் மேலே போகலாம்.

நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனமும், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையும், ஒரு புகார் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலே, மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர். ஆம்புட்ஸ்மேன் என்று சொன்னால் அலுவலகங்களில் சட்டென்று புரியும். பாகுபாடு பற்றிய புகாரை யார் வேண்டுமானாலும் அவரிடம் கொடுக்கலாம், 30 நாளுக்குள் அவர் உத்தரவு போட வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் சிகிச்சை மறுத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் உத்தரவு தர முயல வேண்டும். அந்த உத்தரவை மதிக்காதவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்தால் நாளுக்கு ஐயாயிரம் வரை கூடுதலும் உண்டு. உங்கள் பகுதிக்கு யார் என்பதை ஏ.ஆர்.டி. மையத்திலோ, 1097 என்ற கட்டணமில்லா எய்ட்ஸ் உதவி எண்ணிலோ கேளுங்கள். அதே எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம்.

குழந்தை சம்பந்தப்பட்டது என்பதால் 1098 எண்ணும், குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் உங்களுக்கு உண்டு. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். வழக்கு நீதிமன்றம் போனால், குழந்தையின் உண்மைப் பெயருக்குப் பதிலாகப் புனைபெயரில் நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும் 34-ஆம் பிரிவின்படி கேட்கலாம். முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெயர் ஒருமுறை வழக்குப் பட்டியலில் ஏறிவிட்டால் அழிப்பது கஷ்டம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் உங்கள் ஊர்க்காரராகவே இருக்கலாம். பொருள் என்ற இடத்தில் "குழந்தையின் கல்வி உரிமை தொடர்பாக" என்று மட்டும் எழுதுங்கள். விவரத்தைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே "மாவட்ட ஆட்சியர் நேரடிப் பார்வைக்கு" என்று எழுதுங்கள். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர், "என்ன மனு?" என்று கேட்பார். "ஸ்கூல் விஷயம்" என்பது முழு உண்மை.

நிருபர்கள் வந்தால்? நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள். ஆனால் முகத்தை மங்கலாக்கிப் போட்டாலும் சுவரின் நிறத்தையும் வாசல் கோலத்தையும் பார்த்து ஊர் கண்டுபிடித்துவிடும். படம் வேண்டாம், பள்ளியின் பெயர் வேண்டாம், ஊரின் பெயர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் பேசாதீர்கள்.

பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகும் நாள்

உத்தரவு வந்து பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்பும் நாளில் அதிகாரிகள் காரில் கூட்டிக்கொண்டுபோய் விடுவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் யாரோடு போகுமோ அவரோடு, அதே நேரத்தில், அதே வழியில் போகட்டும். முடிந்தால் முந்தின நாள் மாலை, வகுப்பில் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு தோழியை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள். இருபது பேரின் மனதை மாற்ற முடியாது, ஆனால் முதல் நாள் இடைவேளையில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது போதும்.

முன்பு சொன்ன அந்தச் சிறுமி வேறு பள்ளிக்கு மாறினாள். அங்கே யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் மதியம் பாட்டி மதில் ஓரமாக நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். தட்டுகள் எல்லாம் கழுவி ஒரே கூடையில் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். எது தன் பேத்தியுடையது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லையாம். சாயங்காலம் போன் பண்ணி அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.